கயிறு பிடிப்பது யார்?

முத்துக் குளிப்பதைப் பற்றி நம் பெரியவர்கள் ஒரு சமாசாரம் சொல்வார்கள். குளிக்கிறவன் கனமான கல்லின் துணையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு, 'குபுக்'கென்று கடலுக்குள் இறங்கிவிடுவான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து கயிறு அசைந்ததோ இல்லையோ, உடனே இழுக்க வேண்டியது அவன் பொறுப்பு. அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? அண்ணனிடமா, தம்பியிடமா? ஊஹும்! மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். சொத்தில் பங்குக்கு வருகிறவன் கை தளர்ந்தாலும் தளரலாம். கூடப் பிறந்தவளின் தாலிக்காகக் கயிறு பிடிக்கிறவன் கை ஒரு நாளும் தளராது என்பது கணக்கு.

தூத்துக்குடியில் அந்த முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. இப்போது கடலுக்குள் இறங்குகிறவர்கள் முத்துக்காக இறங்குவதில்லை. மீனையும் பவளப் பாறையையும் கண்ணாரப் பார்த்துவிட்டு வருவதற்காக இறங்குகிறார்கள். மூச்சையும் அடக்க வேண்டியதில்லை. 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் என்ற இருவர் சேர்ந்து ஒரு சுவாசக் கருவியைச் செய்தார்கள். அதன் வழிவந்த கருவியை வாயில் கவ்விக்கொண்டு, காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் நிம்மதியாக உள்ளே உலாவிவிட்டு வரலாம். 'ஸ்கூபா' என்கிறார்களே, அதுதான்.

கயிறு போயிற்று. ஆனால் கயிறு பிடிக்கிறவரும் வேண்டாமென்று ஆகிவிட்டதா? வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இருந்தால் ஆகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நானும் என் கணவரும் புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை சென்ற வருஷம் கற்றுக்கொண்டான். ஆறு வயதுப் பெண் ஒருத்தி. இவர்களோடு என் மாமியார். பொங்கல் விடுமுறையை ஒட்டி ஒரு வாரம் அந்தமானுக்குப் போய் முக்குளித்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போக வேண்டும். ஹேவ்லாக்குக்கு 2018-ல் ஸ்வராஜ் தீவு என்றும், போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றியாயிற்று. ஆனாலும் பழைய பெயரைச் சொன்னால்தான் பல பேருக்குப் புரிகிறது.

இவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு திட்டம் போட ஆரம்பித்தார். எந்தெந்தப் பாறை, எத்தனை ஆழம், என்ன மீன் என்று நாலு பக்கம் நிறைந்துவிட்டது.

"எல்லாம் சரி, சின்னவளுக்கு?" என்றேன்.

இவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். சின்னவளால் முக்குளிக்க முடியாது. எட்டு வயதானால் இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் பழக்கிக் காட்டுகிறார்கள். பத்து வயதானால்தான் முறையான பயிற்சி; அப்போதுகூட முதலில் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். ஆறு வயதுக்கு ஒன்றும் கிடையாது. காரணமில்லாமல் போட்ட சட்டமல்ல. இந்த வித்தையின் முதல் பாடமே 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்ததும் இரண்டு பங்காக உப்பும். எண்ணெயில் போட்ட பூரி மாதிரிதான்! பயந்துபோன குழந்தை என்ன செய்யும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயும். நுரையீரல் தாங்குமா?

"அங்கே ஓட்டலில் சொன்னால் ஒரு ஆயாவை ஏற்பாடு செய்வார்கள். காலையில் நாம் மூன்று பேரும் படகில் போனால் பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம். ஐந்து மணி நேரந்தானே?" என்றார் இவர்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் அன்று இரவு என் மாமியார் மூலமாக வந்தது.

சின்னவள் தினம் பாட்டியிடந்தான் படுத்துக்கொள்வாள். அவளைத் தூங்கப் பண்ணிவிட்டு மாமியார் கூடத்துக்கு வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"குழந்தை என்ன கேட்டாள் தெரியுமா? 'பாட்டி, அப்பா, அம்மா, அண்ணா எல்லோரும் கடலுக்குள் போய்விட்டுத் திரும்பி வரவில்லையென்றால், நான் எப்படி வீட்டுக்கு வருவது? எனக்கு நம் வீட்டு விலாசம் தெரியும். ஆனால் விமானத்துக்கு யார் டிக்கெட் வாங்கித் தருவார்கள்?' என்கிறாள்!"

இவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பாருங்கள், நாங்களெல்லாம் அவள் விளையாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு விளையாட்டுக் கவலையே இல்லை. அந்தப் பிஞ்சு மனம் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. "பயப்படாதே கண்ணு, ஒன்றும் ஆகாது" என்று சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்ற வார்த்தையில் குழந்தைக்கு என்ன பிடிமானம் இருக்கிறது? பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

முக்குளிப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: யாரும் தனியே இறங்கக்கூடாது, எப்போதும் ஒரு துணை பக்கத்தில் இருக்க வேண்டும். கடலுக்குள் இவ்வளவு உசத்தியாக இருக்கிற சட்டத்தைக் கரைக்கு வந்ததும் மறந்துவிடலாமா? ஆகவே எங்கள் வீட்டுச் சட்டத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன்: 'அப்பாவும் அம்மாவும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் இருக்கக்கூடாது.'

"அதற்கென்ன, நீ குழந்தையோடு இரு. நானும் பையனும் போகிறோம். உனக்கு ஒரு தடவை, இரண்டு தடவை போதுமே!" என்றார் இவர், மிகவும் தாராளமாக.

"போதும் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

கரையில் உட்கார்ந்து துண்டையும் செருப்பையும் காவல் காப்பது பெண்களுக்குப் பிறப்பிலேயே எழுதிவைத்த உத்தியோகம் என்று ஆண்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மைத்துனன் கயிறு பிடித்தால் அது பொறுப்பு. மனைவி கயிறு பிடித்தால் அது ஓய்வாம்! பென்சிலை அவர் காதிலிருந்து எடுத்து நானே கணக்குப் போட்டேன்.

மொத்தம் ஏழு நாள். முதல் நாள் பிரயாணத்தில் போய்விடும். ஏழாம் நாள் விமானம். அதற்கு முந்தின நாள் முக்குளிக்கக்கூடாது. ஏன் என்று கேட்பீர்கள். ஆழத்தில் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடுகிறது. கோலி சோடாவுக்குள் வாயு அடங்கியிருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற அவகாசம் தர வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலைமேல் இருக்கிற அளவுக்குக் குறைந்துவிடும். அவசரப்பட்டு ஏறினால் கோலியைத் தட்டின கதைதான்! உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடும். பல நாள் முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு முழு நாள் பொறுப்பதே நல்லது என்று சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் பலர்.

ஆக, மிச்சம் நாலு நாள். ஆளுக்கு இரண்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டு முக்குளிப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி. கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு மூன்று மணி நேரம்! ஏழு நாளுக்கு 168 மணி நேரம். அதில் மூன்று மணிதான் தண்ணீருக்குள். பாக்கி 165 மணியும் கரையில்தான் குடித்தனம். பிள்ளைக்கு வயது போதாததால் பெரியவர் ஒருவரோடுதான் இறங்கலாம். அவன் ஒரு நாள் அப்பாவோடு, ஒரு நாள் அம்மாவோடு என்று நாலு நாளும் போய் வரலாம்.

கணக்கைப் பார்த்ததும் இவர் வாயடைத்துப் போனார். "நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூடப் போக முடியாதா?" என்று மட்டும் கேட்டார். குரலில் உண்மையான ஏக்கம் இருந்தது. எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. நாங்கள் இருவருமாகக் கற்றுக்கொண்ட வித்தையல்லவா? ஆனால் அந்த ஆசைக்கு இன்னும் நாலு வருஷம் தவணை சொல்லலாம். ஆறு வயதுக்கு மட்டும் தவணை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு திட்டத்தைத் தலைகீழாக ஆரம்பித்தோம். முதலில் குழந்தையின் நாள்; பிறகுதான் மற்றவர்களுடைய நாள். இந்த மாதிரி உத்தேசம் உள்ள சகோதரிகளுக்கு உபயோகப்படுமென்று சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தங்குமிடம். முக்குளிப்புப் படகு புறப்படும் இடத்துக்குப் பக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். வாசலில் நிழல் இருக்கிறதா, குழந்தை இறங்கும் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நம்பர் கரையில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, மணலும் பாறையுமாக ஒரு மைதானமே வெளியே வந்துவிடும். குட்டைகளில் கடல் அட்டையும் துறவி நண்டும் திரியும். பெரியவர்களுக்கு 'குளிக்கத் தண்ணீரில்லையே' என்று எரிச்சலாக இருக்கும். குழந்தைக்கோ அதைவிடப் பெரிய பொருட்காட்சி கிடையாது. காலுக்கு ரப்பர் செருப்பு அவசியம். நீர் ஏறி இறங்கும் நேரம் தினம் மாறும். முதல் நாளே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் கடலிலும் அலையாத்தி ஓடைகளிலும் முதலை உண்டு. 'குளிக்காதே' என்று பலகை வைத்த இடத்தில் காலைக்கூட நனைக்கவேண்டாம்.

இரண்டாவது, நீந்தும் கண்ணாடி. பெரியவர்களுடையது குழந்தை முகத்தில் நிற்காது. சின்ன அளவில் தனியே வாங்க வேண்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. எங்கள் சின்னவள் ஒரு மாதம் கொல்லைப்புறத்து அண்டாவில் முகத்தை அமிழ்த்தி, குழாய் வழியாக மூச்சுவிட்டுப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் குளத்துக்கும் அழைத்துப் போனோம். புதுச் சாமானைக் கடலில் போய்ப் பழகுவது புதுச் செருப்போடு திருப்பதி மலை ஏறுவது போலத்தான்.

மூன்றாவது, முக்குளிப்பு நிலையத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் பிராணவாயு இருக்கிறதா? அசம்பாவிதம் நேர்ந்தால் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எங்கே? படகு தாமதமானால் கரைக்கு யார் தகவல் சொல்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஆஸ்துமா, காதுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. ஜலதோஷம் பிடித்திருந்தால் அன்றைக்கு முக்குளிப்பே கிடையாது. கர்ப்பிணிகள் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். சாதாரணப் பிரயாண இன்ஷூரன்ஸ் முக்குளிப்புக்குச் செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். குழந்தைக்கும் ஓர் உத்தியோகம் கொடுங்கள். முக்குளிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் தேதி, ஆழம், நேரம், பார்த்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். சின்னவளுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் அவள் எழுதிய முதல் குறிப்பு இது: 'ஆழம்: முழங்கால். நேரம்: அம்மா கூப்பிடும் வரை. பார்த்தது: நண்டு 11. ஒன்று என்னைப் பார்த்தது.'

நாலாம் நாள் இவரும் பிள்ளையும் படகில் போனார்கள். நானும் அவளும் எலிபெண்ட் கடற்கரைக்குப் போனோம். மிதவை உடுப்பை மாட்டி, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்து, வழிகாட்டிப் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக மெள்ள இழுத்துப் போனோம். கீழே பவளப் பாறை. திடீரென்று தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, "அம்மா, யாரோ முறுக்குக் கடிக்கிறார்கள்!" என்றாள். நானும் காதைத் தண்ணீரில் வைத்துக் கேட்டேன். 'கருக், கருக்' என்று வாஸ்தவமாகவே கேட்டது! பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. அந்த மீன் பாறையோடு சேர்த்துக் கடித்து, பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பொடி மணலாக வெளியே தள்ளும். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இந்தக் கிளிமீன் அரைத்த மாவுதான்.

மத்தியானம் பிள்ளை வந்ததும் வராததுமாக, "பதினைந்து மீட்டர்!" என்று மார் தட்டினான்.

"முறுக்குச் சத்தம் கேட்டாயா?" என்றாள் தங்கை.

அவன் விழித்தான். எப்படிக் கேட்டிருக்கும்? சிலிண்டர் கட்டியவர்களுக்கு மூச்சு விடும்போதெல்லாம் குமிழி ஓசைதான் காதை நிறைக்கும். மேலே சத்தமில்லாமல் மிதந்தவளுக்குக் கேட்டது, கீழே போனவனுக்குக் கேட்கவில்லை. அன்று முழுவதும் அவள் நடையே வேறாக இருந்தது.

ஐந்தாம் நாள் என் முறை. நானும் பிள்ளையும் போனோம். முக்குளித்துத் திரும்பும்போது நீர் மிகவும் வற்றிவிட்டதால் படகு வழக்கமான இடத்துக்குப் போக முடியவில்லை. வெகுதூரம் சுற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். கரை கண்ணுக்குத் தெரிகிறது. போய்ச் சேரத்தான் முடியவில்லை. எனக்கு அந்த விமான டிக்கெட் கேள்வி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜெட்டி நெருங்க நெருங்க இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. குட்டை உருவம் ஒரு கையால் நெட்டையின் விரலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டியது. அழுகையில்லை, ஆர்ப்பாட்டமில்லை. "தண்ணீர் வற்றிப்போச்சாம், படகு சுற்றி வரும் என்று அப்பா சொன்னார்" என்று எனக்கே விளக்கம் சொன்னாள். நிலையத்தார் இவருக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். இவரும் 'இதோ வந்துவிடுவார்கள்' என்று மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிட்டது. அந்தமானில் ஜனவரியில் அப்படித்தான். குழந்தைகள் தூங்கிய பிறகு இவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாம் இரண்டு பேருமே அந்தப் படகில் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறாம் நாள் முழுவதும் குழந்தை ராஜ்யம். கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் பவளத் துண்டுகளையும் கரையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம். பவளத்துக்கும் பல வகைச் சிப்பிகளுக்கும் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. மூட்டையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அவற்றுக்குப் பதில் சிப்பிகளின் படம் போட்டு அவள் தன் புத்தகத்தை நிறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தைப் பாட்டியிடம் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். முறுக்கு மீன் கதையை மூன்று தடவை சொல்லியாயிற்று. மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அடுத்த தடவை நானும் வருகிறேன்" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. "பேஷாக வா, அம்மா! நீ குழந்தையோடு கரையில் இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து..."

"அதெல்லாம் நடக்காது. நான் கரையில் உட்கார வரவில்லை. அந்த ரப்பர் வளையத்தை எனக்கும் ஒன்று வாங்கி வை. முறுக்குச் சத்தத்தை நானும் கேட்க வேண்டும். என் முறை எந்தெந்த நாள் என்று இப்போதே நோட்டில் எழுதிவிடு!" என்றாரே பார்க்கலாம்!